முன்ஜோடிப் பயில்வானின் சீட்டு

பேர் எடுக்காத பயில்வானின் படத்தைச் சேர்த்து வைப்பது வேலையற்றவன் வேலை என்று ஒருவர் எனக்குப் புத்தி சொன்னார். ஜெயித்தவன் படம்தான் படம், மற்றதெல்லாம் கடலை மடிக்கிற காகிதம் என்றார். அவர் சொன்னது நியாயமா இல்லையா என்று யோசித்துப் பார்க்கிற நிலையில் நான் அன்று இல்லை. அந்தக் கடலைக் காகிதத்தைத் தேடித்தான் அவர் வீட்டு வாசலில் போய் நின்றேன்.

அது என்ன சீட்டு என்று முதலில் சொல்லிவிடுகிறேன். யுத்தத்துக்கு முந்தி மதுரையில் குஸ்திப் பித்து எல்லோருக்கும் தலைக்கேறியிருந்தது. ஊருக்கு வெளியே மைதானத்தில் கொட்டகை போட்டு, நடுவில் செம்மண்ணைக் கொட்டிக் கோதா கட்டி, டிக்கெட் வைத்துக் குஸ்தி நடத்துவார்கள். வடக்கேயிருந்து ரயிலில் வந்து இறங்குகிற பெரிய பயில்வான்கள்தான் கடைசி ஜோடி. அவர்கள் இறங்கும்வரை கூட்டம் கலையாமல் இருக்க வேண்டுமே, அதற்காக உள்ளூர்ப் பிள்ளைகளைப் பிடித்து முன்னால் மோத விடுவார்கள். அவர்களுக்கு முன்ஜோடி என்று பெயர். முன்ஜோடி மோதுகிறபோது ஜனம் முறுக்கு வாங்கிக்கொண்டிருக்கும், பக்கத்து வீட்டுக் கதை பேசிக்கொண்டிருக்கும்.

கொட்டகை நடத்திய காண்ட்ராக்டர் கெட்டிக்காரர். டிக்கெட் வாங்கினால் ஒரு படச்சீட்டு சும்மா கொடுப்பார். சீட்டாட்டச் சீட்டு அளவுதான் இருக்கும், மேலே முகம், கீழே பெயர். நாற்காலி டிக்கெட்டுக்குப் பெரிய பயில்வானின் படம், வழவழப்பான மெல்லிய காகிதத்தில். தரை டிக்கெட்டுக்கு முன்ஜோடிப் படம், முரட்டு ரோஸ் அட்டையில். பெரிய பயில்வானின் சீட்டுக்கு ஊரே அடித்துக்கொள்ளும். ரோஸ் அட்டையை வைத்துப் பையன்கள் தெருவில் சுண்டி விளையாடுவார்கள், அதில் யார் முகம் என்று ஒருவரும் பார்ப்பதில்லை.

என் வீட்டுக்காரர் முன்ஜோடி.

பகலில் காளவாசலில் செங்கல் சூளையில் வேலை. சாயங்காலம் கோதா. காளவாசல் அப்போது இப்படிக் கடையும் கண்ணியுமாக இல்லை. சூளையும் வயலும், மேற்கே போகிற வண்டிப் பாதையும்தான். நாங்களும் மேற்கேயிருந்து வந்தவர்கள்தான். கிணறு வற்றியதும் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, அத்தை தன் ஒரே மகனை அழைத்துக்கொண்டு சூளைக்கு வந்துவிட்டார். அதற்கப்புறம்தான் நான் மருமகளாக வந்தேன். என் வீட்டுக்காரருக்கு மனைவி, அம்மா எல்லாம் அப்புறம், கோதாதான் முதல். ஜெயித்ததைவிடச் சமமாகப் பிரிந்து வந்ததுதான் அதிகம். இடது காது நசுங்கிப் போயிருக்கும். அதை நான் கிண்டல் செய்தால் கோபம் வரும், ஆனால் அந்தப் பக்கம் எண்ணெய் தேய்த்துவிட என்னைத்தான் கூப்பிடுவார்.

ஒருநாள் சூளையிலிருந்து ஓட்டமும் நடையுமாக வந்தார். “ஏய், ஏம்படம் போடப் போறாகளாம். சீட்டுல. பேரும் போடுவாகளாம்” என்றார். பெயருக்குப் பின்னால் பயில்வான் என்று போடச் சொல்லிவிட்டு வந்ததாகச் சொல்லிச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. குஸ்தி நடந்தது, சீட்டும் வந்தது. அவர் மட்டும் அதை வீட்டுக்குக் கொண்டுவரவில்லை. கேட்டால், “நாளைக்குக் காட்டுறேன்” என்பார். மறுநாள் கேட்டால் காது கேளாதவர் மாதிரி வெளியே போய்விடுவார். ஊருக்கெல்லாம் காட்டத் தெரிகிறது, கட்டினவளுக்குக் காட்டக் கூச்சமா என்று எனக்கு எரிச்சலாக வந்தது. பெண்டுகள் குஸ்திக்குப் போகிற வழக்கமில்லை. ஆகவே நான் சீட்டைப் பார்க்கவேயில்லை.

சேதி அத்தையின் காதுக்குப் போனதும் வீட்டில் இழவு விழுந்தது போல் ஆயிற்று. படம் எடுத்தால் ஆயுசு குறையும் என்பதில் அத்தைக்குத் துளிச் சந்தேகமும் கிடையாது. நான் பார்த்திராத என் மாமனார், அழகர் ஆற்றில் இறங்குகிற திருவிழாவில் ஒரு போட்டோக்காரனிடம் ஆசைப்பட்டுப் படம் பிடித்துக்கொண்டாராம். அடுத்த திருவிழாவுக்கு அவர் இல்லை. அதனால் எங்கள் கல்யாணத்தில்கூட அத்தை படம் பிடிக்க விடவில்லை. அப்படிப்பட்டவரின் மகனுடைய முகத்தை நூற்றுக்கணக்கில் அச்சடித்துத் தெருத் தெருவாக விட்டால் சும்மா இருப்பாரா?

மடி நிறைய வெல்லக்கட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பினார். சீட்டு வைத்திருந்த பையனுக்கெல்லாம் வெல்லம் கொடுத்துச் சீட்டை வாங்கினார். கொடுக்க மறுத்தவன் வீட்டில் அவனுடைய அம்மாவிடம் அழுதார். சோடாக் கடை, முறுக்குக் கடை, கோதாக்காரர்கள் வீடு என்று ஒன்று விடவில்லை. வாங்கின சீட்டை ஒருமுறைகூட நிமிர்த்திப் பார்க்கவில்லை. பெற்றவளே பார்த்தாலும் ஆயுசு குறையும் என்று கவிழ்த்தே வாங்கிக் கவிழ்த்தே முந்தானையில் முடிந்துகொண்டார். “நீயும் பாக்காதடி” என்று என்னையும் தடுத்தார். நான் ஒன்றும் அடங்கின மருமகள் இல்லை. ஆனால் அத்தை முந்தானை முடிச்சை மறுபடி மறுபடி இறுக்கியதைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன்.

ஒரு வெள்ளிக்கிழமை அந்தி நேரத்தில் மகனைக் கிழக்கே பார்க்க உட்கார வைத்தார். சீட்டுக்கட்டோடு உப்பும் மிளகாயும் முச்சந்தி மண்ணும் சேர்த்து அவர் தலையைச் சுற்றிச் சுற்றி இறக்கினார். ஊர்க் கண்ணு, உறவுக் கண்ணு என்று முணுமுணுத்தபடியே போய், சூளை வாயில் அத்தனையையும் போட்டார். மிளகாய் எரிந்தும் நெடி வரவில்லை. “நெடி வரல பாத்தியா? அம்புட்டுத் திருஷ்டி எம்புள்ள மேல” என்று பெருமூச்சு விட்டார். எதற்கெடுத்தாலும் எகிறுகிற என் வீட்டுக்காரர் அன்று ஒரு வார்த்தை பேசவில்லை. உட்கார்ந்த இடத்தைவிட்டு அசையாமல் இருந்தார். உதட்டில் ஒரு சின்னச் சிரிப்புகூட இருந்தது. அம்மா மேல் அத்தனை பிரியம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அப்புறம் அந்தக் காண்ட்ராக்டர் கோயம்புத்தூர்ப் பக்கம் போய்விட்டார். கொட்டகை இல்லை. ரங்கூனில் அரிசி ஆலையில் வேலை கிடைக்கும், லீவு நாளில் குஸ்தியும் உண்டு, அங்கே போனால் கடைசி ஜோடியாகவே இறங்கலாம் என்று யாரோ அவர் மனதைக் கலைத்துவிட்டார்கள். அத்தை அழுதார், நான் சண்டை போட்டேன். அவர் கப்பலேறிப் போய்விட்டார். மாதா மாதம் கடிதம் வந்தது. அப்புறம் யுத்தம் வந்தது. ரங்கூனில் குண்டு விழுந்தது என்று ஊரெல்லாம் பேச்சானது. அதற்கப்புறம் கடிதம் இல்லை.

ஜனங்கள் காட்டு வழியாக நடந்தே வருகிறார்கள், பாதிப் பேர் வழியிலேயே சாகிறார்கள் என்று செய்தி வந்த அன்று அத்தை சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தார். “எம்புள்ள மொகத்த அவன் தலையச் சுத்திச் சுத்தி நான்தானடி எரிச்சேன். உசுரோட கொள்ளி வச்சிட்டேன்டி” என்று தலையில் அடித்துக்கொண்டார். நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். சமாதானம் சொல்லத் தெரிந்த வாயா என் வாய்? அன்றிலிருந்து அத்தை சோறு தொடவில்லை. நீராகாரம் மட்டும் குடிப்பார், அதுவும் நான் கத்தினால். கட்டை மாதிரி இருந்த மனுஷி, சேலை இடுப்பில் நிற்காதபடி மெலிந்து போனார்.

எனக்கு அழுதுகொண்டு கிடக்க நேரமில்லை. அகதிகள் ரயிலில் வந்து இறங்குகிறார்கள் என்று கேள்விப்பட்டு ஸ்டேஷனுக்குப் போக ஆரம்பித்தேன். எதிரே சத்திரத்தில் அவர்களுக்குக் கஞ்சி ஊற்றினார்கள். அந்த வரிசையில் நின்றவர்களைப் பார்த்தால் மனது பதறும். குழந்தையைத் தூக்கிப் பழகிய கை வெறுமனே மடங்கி இருக்க, ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். நான் ஒவ்வொருவரிடமும் போய் என் வீட்டுக்காரரின் பெயரைச் சொல்லிக் கேட்டேன். ரங்கூனில் யாருக்கு யார் பெயர் தெரியும்? “ஆளு எப்படி இருப்பாரு?” என்று கேட்டார்கள். உயரம், கறுப்பு, தேக்குக் கட்டை உடம்பு என்றேன். ஒருவர் கஞ்சிக் குவளையைக் கீழே வைத்துவிட்டுத் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். “நானும் மூட்ட தூக்குனவன்தான் தாயி. இப்ப பாரு. அங்கேருந்து வாரவன் எவனுக்கும் ஒடம்பு இல்ல. மொகத்த வச்சுத்தான் கண்டுபிடிக்கணும். படம் இருந்தாக் கொண்டா, கேட்டுப் பாக்கலாம்” என்றார்.

படம். அந்த வார்த்தை என் தலையில் இடி மாதிரி விழுந்தது. என் புருஷனுக்கு இந்த உலகத்தில் இருந்த ஒரே படம் அந்த ரோஸ் அட்டைதான். அதைத்தான் ஒன்றுவிடாமல் பொறுக்கி எரித்தாயிற்று.

ஆனாலும் நூற்றுக்கணக்கில் அடித்தார்களே, எங்கேயாவது ஒன்று தப்பியிருக்காதா? தெருத் தெருவாகக் கேட்டேன். வேட்டி கட்டிய ஆளாகிவிட்ட பழைய பையன்களைத் தேடிப் பிடித்துக் கேட்டேன். “பெரிய பயில்வான் சீட்டு இருக்குக்கா, வேணுமா?” என்றான் ஒருவன். அவனை அறையலாம் போலிருந்தது. குப்பை என்று எறிந்துவிட்டோம், அடுப்பு பற்றவைத்துவிட்டோம், சுண்டி விளையாடிக் கிழித்துவிட்டோம் என்றார்கள். யார் மேல் கோபப்படுவது? பேர் எடுக்காதவன் படத்தை எதற்கு வைத்திருக்க வேண்டும்? சோடாக் கடைக்காரர்தான் கடைசியில் ஒரு வழி சொன்னார். “தெக்கு மாசி வீதிக்குப் பின்னால தறிக்காரரு ஒருத்தரு இருக்காரு. குஸ்திச் சீட்டுன்னா உசுரு. அவருகிட்டக் கேட்டுப் பாரு.”

சௌராஷ்டிரக் குடும்பம். சந்துக்குள் வீடு. வாசலில் பாவு நீட்டி, நூலுக்குக் கஞ்சி போட்டுக்கொண்டிருந்தார்கள். புருஷன், மனைவி இருவரும் அவர்கள் பாஷையில் பேசிக்கொண்டே வேலை செய்தார்கள். நான் விஷயத்தைச் சொன்னதும் அந்த அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய் ஒரு பிஸ்கோத்து டின்னைக் கொண்டுவந்தார். திறக்கும்போது அவர் முகத்தில் சாமிப் பெட்டியைத் திறக்கிற பவ்யம். உள்ளே அத்தனையும் பெரிய பயில்வான்கள். மீசை, பதக்கம், தோளில் கதாயுதம்.

“முன்ஜோடி இல்லையாண்ணே?”

“நான் சேக்குறது ஜெயிச்ச ஆளுகள, தங்கச்சி. முன்ஜோடிய எவன் சேப்பான்? நூத்துல ஒருத்தன் மேல வருவான். மிச்சம் அம்புட்டும் கடல மடிக்கிற காயிதம்.”

“அந்த ஒருத்தன் யாருன்னு ஒங்களுக்கு முன்னாடியே தெரியுமாண்ணே?”

“தெரிஞ்சா நான் ஏன் தறிக்குழியில ஒக்காந்திருக்கேன்?” என்று சிரித்தார். அப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். பெரிய பயில்வானாகிற வரைக்கும் ஒருவனுடைய சீட்டுக்கு மதிப்பில்லை, ஆனபின் அவனுடைய முன்ஜோடிக் காலத்துச் சீட்டு கிடைத்தால் அதுதான் புதையல், ஆனால் அதை யாரும் வைத்திருக்க மாட்டார்கள் என்று எனக்கு விளக்கினார். நல்லவர்தான். ஆனால் புருஷனைத் தேடி வந்தவளிடம் புதையல் கதை பேசுகிறாரே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

போகலாம் என்று எழுந்தவள்தான். அப்போதுதான் டின்னில் ஒரு சீட்டின் ஓரம் கண்ணில் பட்டது. மேலே பெரிய பயில்வான், ஆனால் ஓரத்தில் ரோஸ் நிறம் கோடாகத் தெரிந்தது. எடுத்துத் தடவினேன். கனமாக இருந்தது.

“இதுக்கு அடியில என்னண்ணே?”

அவர் சற்றுச் சங்கடப்பட்டார். பெரியவர்கள் படம் மெல்லிய காகிதம், சுருண்டு போகும். அதற்காகச் சிலவற்றை மட்டும் முரட்டு அட்டையில் ஒட்டி வைத்திருக்கிறார். முன்ஜோடிச் சீட்டுத்தான் சரியான அளவு. அதன் முகத்தின் மேலேயே ஒட்டிவிட்டால் பின்பக்கம் வெறுமையாக இருக்கும், அதில் எந்த ஊரில் யாரை ஜெயித்தார் என்று எழுதி வைக்கலாம். பசை வேறு வாங்க வேண்டியதில்லை, பாவுக்குப் போடுகிற கஞ்சியே போதும்.

“யாரு மேல ஒட்டுனீங்க? பேரு ஞாபகம் இருக்கா?”

“முன்ஜோடி பேர எவன் பாத்தான் தங்கச்சி?”

நான் பிரித்துக் காட்டச் சொன்னேன். தண்ணீரில் ஊறப் போட்டால்தான் பிரியும், போட்டால் மேலே இருக்கிற மெல்லிய காகிதம் கிழிந்துவிடும், பல வருஷமாகச் சேர்த்தது என்று டின்னை மூடிவிட்டார். நான் காலில் விழுந்தேன். இதை எழுத எனக்கு இப்போதும் கூச்சம்தான். யார் முன்னும் குனியாதவள் என்று பேர் எடுத்தவள் நான். அந்தச் சந்தில், கஞ்சி சொட்டிக் கிடந்த தரையில் விழுந்து, “எங்க வீட்டுக்காரவுக மொகம் அதுக்குள்ள இருக்குண்ணே, மூடி வச்சிராதீக” என்று அழுதேன். அவர் பதறிப்போய்ப் பின்வாங்கினார். ஆனால் டின்னை விடவில்லை.

அவருடைய மனைவி அதுவரை தலை நிமிராமல் நூலுக்குக் கஞ்சி தடவிக்கொண்டிருந்தார். எழுந்து வந்து தங்கள் பாஷையில் ஏதோ சொன்னார். எனக்குப் புரியவில்லை. மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் அந்த அண்ணன் தலை குனிந்தது. அந்த அம்மாள் டின்னை அவர் கையிலிருந்து வாங்கி, ஓரத்தில் ரோஸ் தெரிந்தவற்றை மட்டும் பொறுக்கி எடுத்தார். மூன்று இருந்தன. வெண்கலச் சட்டியில் தண்ணீர் மொண்டு அதில் போட்டுவிட்டு, என்னை எழுப்பி உட்கார வைத்தார்.

ஊறுகிற வரைக்கும் எனக்குத் தெரிந்த சாமி எல்லாவற்றையும் கூப்பிட்டேன். முகம் கிடைத்தால் போதும், ஸ்டேஷனில் யாராவது ஒருவர் அடையாளம் சொல்லிவிடுவார், ஆஸ்பத்திரியில் இருக்கிறாரா, ஏதாவது ஊரில் ஒதுங்கியிருக்கிறாரா என்று தெரிந்துவிடும், நானே போய் அழைத்து வந்துவிடுவேன் என்று மனசு பாட்டுக்கு ஓடியது.

முதல் சீட்டை அந்த அம்மாளே பிரித்தார். நூல் பிரித்துப் பழகிய விரல், மேல் காகிதம் அதிகம் கிழியவில்லை. அடியில் ஒரு முகம் தெரிந்தது. நடு வகிடு எடுத்த தலை, முறுக்கிவிட்ட மீசை. பெயரைப் படித்தேன். வேறு யாரோ. அவரில்லை.

இரண்டாவதைப் பிரித்தார். பெயரை எட்டிப் பார்த்த அந்த அண்ணன் குழந்தை மாதிரி குதித்தார். அந்தப் பெயருக்குரியவர் அப்போது சென்னைப் பட்டணத்தில் கடைசி ஜோடியாக மோதிக்கொண்டிருந்த பெரிய பயில்வான். அவர் மதுரையில் முன்ஜோடியாக இருந்த காலத்துச் சீட்டு அது. “பொதையல்! ஏங்கையால நானே ஒட்டி மூடி வச்சிருக்கேனே!” என்று தொடையில் அடித்துக்கொண்டார். நான் அவர் சந்தோஷத்தைப் பார்க்கவில்லை. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நடு வகிடு, முறுக்கு மீசை. முதல் சீட்டில் இருந்த அதே ஆள்.

 மூன்றாவதை நானே எடுத்தேன். பொறுமையில்லாமல் இழுத்ததில் பெரிய பயில்வான் நாலாகக் கிழிந்தார். அடியில் பெயர் தெரிந்தது. என் வீட்டுக்காரரின் பெயர், பின்னால் பயில்வான் என்று, அவர் கேட்டுக்கொண்டபடியே. மேலே நடு வகிடு, முறுக்கு மீசை, முழுசாக இரண்டு காது.

“ஒரே ப்ளாக்கு” என்றார் அந்த அண்ணன் மெதுவாக. படம் அச்சடிக்க ஆளுக்கு ஒரு ப்ளாக், அதாவது உலோக அச்சு, செய்ய வேண்டும், முன்ஜோடிக்கெல்லாம் யார் அந்தச் செலவைச் செய்வார்கள், அச்சாபீசில் கிடந்த ஏதோ ஒரு ப்ளாக்கைப் போட்டுப் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டே போயிருக்கிறார் காண்ட்ராக்டர் என்று சொன்னார். யார் அந்த ஆள் என்று கேட்டேன். மருந்து விளம்பரத்துக்குச் செய்த ப்ளாக்காக இருக்கும் என்றார்.

என் வீட்டுக்காரர் ஏன் சீட்டை எனக்குக் காட்டவில்லை என்று அப்போதுதான் புரிந்தது. படம் வரப்போகிறது என்று வீடு அதிரச் சொல்லிவிட்டு, எவனோ ஒருவன் முகத்தை எப்படிக் காட்டுவார்? அம்மா வெல்லம் கொடுத்துப் பொறுக்கியபோதும், தலையைச் சுற்றியபோதும், சூளையில் போட்டபோதும் அவர் வாய் திறக்காததற்குக் காரணம் பிரியம் மட்டும் இல்லை. தன் அவமானம் எரிகிறதே என்ற நிம்மதி. அந்தச் சிரிப்பு அதுதான். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் சிரித்திருப்பேன், கேலி செய்திருப்பேன், பிறகு மறந்திருப்பேன். அதுவும் அவருக்குத் தெரியும்.

முகம் எவனுடையதானாலும் பெரிய பயில்வானின் பேர் இருக்கிறதே என்று, புதையல் கிடைத்த சந்தோஷத்தில் அந்த அண்ணன் என் சீட்டை என்னிடமே கொடுத்துவிட்டார். அவருடைய மனைவி அதை ஒரு துணியில் ஒற்றி ஈரம் எடுத்துத் தந்தார். வாசல்வரை வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். 

நான் வீட்டுக்கு வந்ததும் அத்தை சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். “கெடச்சுச்சா?” என்றார். பார்க்கவே கூடாது என்றவர் இரண்டு கையையும் நீட்டினார். நான் மறைக்க நினைத்தேன். அதற்குள் பிடுங்கிக்கொண்டார். வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார். அத்தைக்குப் படிக்கத் தெரியாது, கண் நன்றாகத் தெரியும்.

“ஏண்டி, இது யாரு?”

சொன்னேன். எல்லாச் சீட்டிலும் இந்த ஆள்தான் என்றும் சொன்னேன். அத்தைக்கு முதலில் விளங்கவில்லை. இரண்டாம் தடவை சொன்னபோது உட்கார்ந்துவிட்டார். பிறகு வாய்விட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். கண்ணீர் பாட்டுக்கு வழிந்தது. “அப்ப நான் எரிச்சது எம்புள்ளய இல்லடி! எவன் மொகத்தயோ எரிச்சிருக்கேன்! எம்புள்ள நல்லாருக்கான்டி, வந்துருவான்!” என்று என்னைக் கட்டிக்கொண்டார். அந்த எவனோ ஒருவனுக்கும் ஒரு தாய் இருப்பாளே என்று எனக்குத் தோன்றியது. “பசிக்குது, சோறு போடு” என்றார். போட்டேன். பல மாதத்துக்குப் பிறகு அத்தை சோறு பிசைந்து சாப்பிட்டார். மறுசோறும் கேட்டார். நான் எதிரே உட்கார்ந்து பரிமாறிக்கொண்டிருந்தேன். அழவும் முடியவில்லை, அவர் சாப்பிடுகிறாரே என்று சந்தோஷப்படவும் முடியவில்லை.

மறுநாள் காலையில் அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன். வேறு எதைக் கொண்டுபோவது? வெறும் கையோடு போய்க் கேட்டால் ஜனம் நிற்காமல் போகும், கையில் ஒரு படம் இருந்தால் நிற்கும். “மொகத்தப் பாக்காதீக, பேரப் பாருங்க. ஆளு இவரில்ல. பேருதான் எங்க வீட்டுக்காரவுகளுது” என்று ஒவ்வொருவரிடமும் சொன்னேன். பைத்தியம் என்று சிலர் விலகிப் போனார்கள். முகத்தையே உற்றுப் பார்த்து, பார்த்த மாதிரி இருக்கிறது என்றார்கள் சிலர். அவர்களிடம் நான் கோபப்பட்டேன். படிக்கத் தெரிந்தவர்கள் பெயரைப் படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்கள். சீட்டின் ஓரம் என் விரல் பட்டுப் பட்டு நைந்தது.

ரயிலில் வருகிறவர்கள் குறைந்தார்கள். கஞ்சி அண்டாவை எடுத்துவிட்டார்கள். அப்போதும் போனேன். ஒரு நாள் பிளாட்பாரத்தில் ஒரு வயதான பெண், சீட்டைப் பார்க்காமலேயே, “ஒம்புருசன் எப்படித்தா இருப்பாரு? நீ சொல்லு” என்று கேட்டாள். நான் சொன்னேன். நடு வகிடு எடுத்திருப்பார், மீசையை முறுக்கிவிட்டிருப்பார் என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்குத் தெரிந்தது. என் வீட்டுக்காரர் தலையை ஒட்ட வெட்டியிருப்பார். மீசையை முறுக்கினதே இல்லை.

அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து கண்ணை மூடி அவரைக் கூப்பிட்டுப் பார்த்தேன். நசுங்கின காது வந்தது. எண்ணெயும் செம்மண்ணும் கலந்த வாசனை வந்தது. முதுகு வந்தது, குரல் வந்தது. முகம் வரவில்லை. முகம் இருக்க வேண்டிய இடத்தில் அந்த மருந்து விளம்பரக்காரன் வந்து நின்றான். கண்ணைத் திறந்து மறுபடி மூடினேன். அவன்தான் நின்றான். சீட்டைக் கிழித்துத் தண்டவாளத்தில் எறிந்துவிடலாம் என்று கை போயிற்று. கீழே அவர் பெயர் இருந்தது. அச்சில் அவர் பெயர் இருக்கிற ஒரே இடம் இந்த உலகத்தில் அதுதான். என்னால் கிழிக்க முடியவில்லை.

அவர் வரவில்லை. அத்தை கடைசிவரை அவரை எதிர்பார்த்துக்கொண்டே இருந்தார். என் பொட்டைத் தொட யாரையும் விடவில்லை. சாகிற வருஷத்தில்கூட, “எம்புள்ள மொகம் கண்ணுக்குள்ளேயே நிக்குதுடி” என்று சொல்லிக்கொண்டிருந்தார்.  என் கண்ணுக்குள் நிற்கிற ஆள் யார் என்று எனக்குத் தெரியாது.